பிளவுண்ட பெர்லினில் பெண் தலைமை: லூயிசே ஷ்ரோடர் (1947–1948)

இரண்டாம் உலகப் போருக்குப்பின் பெர்லின் நகரம் நான்கு வல்லரசுகளின் ஆட்சிப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. 1947 ஜூனில் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பெற்ற எர்ன்ஸ்ட் ராய்ட்டரை ஏற்கச் சோவியத் தரப்பு மறுத்தமையால், லூயிசே ஷ்ரோடர் பொறுப்பு மேயராக நகராட்சியை நடத்தினார். 1919ஆம் ஆண்டு ஜெர்மன் தேசியப் பேரவையில் இடம்பெற்ற முதற்பெண் உறுப்பினர்களுள் இவரும் ஒருவர்.

1948 ஜூனில் சோவியத் முற்றுகை தொடங்கியதும் மேற்குப் பகுதிகளில் வீட்டு மின்சாரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரமாகக் குறைந்தது. நள்ளிரவில் மின்சாரம் வரின், பெண்கள் அப்போதே எழுந்து, வானூர்திவழி வந்த உலர் உருளைக்கிழங்கைச் சமைத்தனர். பங்கீட்டு வரிசையில் நிற்றலும் பெரும்பாலும் அவர்கள் பணியாகவே இருந்தது.

‘பொறுப்பு’ என்னும் அடைமொழி ஷ்ரோடரின் தலைமையை இடைக்கால ஏற்பாடாகச் சுருக்கிவிடுகிறது. எனினும் உணவும் எரிபொருளுமே முற்றுகையின் படைக்கருவிகளாயிருந்த நகரில், வீட்டு அடுப்பு அரசியற் களமாயிற்று. ஆகவே, பெர்லின் வரலாற்றில் மேயர் அலுவலகத்தையும் சமையலறையையும் ஒருசேர வைத்து ஆராய்தலே பொருந்தும்.