கழல மறுக்கும் மரைகள்

மரை கழண்டவர்களைப் பற்றித் தமிழில் நிறையப் பேசியாயிற்று. கழல மறுக்கும் மரைகளைப் பற்றி ஒரு பதிவு போட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. சிரிக்காதீர்கள் மக்களே, இதற்குள் ஒரு பெரிய சரித்திரமே இருக்கிறது.

முதலில் ஊர். பெங்களூரின் பிரேசர் டவுன், 1898-ல் வந்த பிளேக்கின் பிள்ளை. கண்டோன்மென்ட் நெரிசலைக் குறைக்க, காற்றும் வெளிச்சமும் வருகிற மாதிரி திட்டமிட்டு 1910 வாக்கில் உருவான பேட்டை. மைசூர் ரெசிடென்டாக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயர். (காகிதத்தில் இப்போது புலிகேசி நகர். எங்கள் வாயில் இன்னும் பிரேசர் டவுன்தான்.) நான் வளர்ந்தது அங்கே, தேக்குக் கதவு போட்ட ஒரு பழைய வீட்டில்.

அந்தக் கதவுக் கீல்களில் இருந்ததெல்லாம் தலையில் ஒற்றை வெட்டு உள்ள ஸ்க்ரூ. அந்தக் காலத்தில் பிரிட்டனின் மர ஸ்க்ரூ வியாபாரத்தைக் கிட்டத்தட்ட முழுசாகக் கையில் வைத்திருந்தது பர்மிங்காமின் நெட்டில்ஃபோல்ட்ஸ் கம்பெனி. 1854-ல் அமெரிக்கக் காப்புரிமை ஒன்றை வாங்கி, கூர்முனை ஸ்க்ரூவை இயந்திரத்தில் செய்ய ஆரம்பித்தார்கள். அதுவரை வந்த ஸ்க்ரூக்களுக்கு முனை மழுங்கல். கூட்டாளி சேம்பர்லின் குடும்பம். 1938-ல் ம்யூனிக் போய் ஹிட்லரோடு கையெழுத்துப் போட்டாரே நெவில் சேம்பர்லின், அவருடைய அப்பா ஜோசப் பணம் சம்பாதித்தது இந்த ஸ்க்ரூவில்தான்.

கூர்முனையால் ஸ்க்ரூ உள்ளே போவது சுலபமாயிற்று. வெளியே வருவதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. அடுத்து வந்தவர்களும் அப்படியே.

நான் இப்போது இருக்கும் கனடாவில் எங்கு பார்த்தாலும் சதுரக் குழி ஸ்க்ரூ. பீட்டர் ராபர்ட்சன் என்பவர் திருப்புளி வழுக்கிக் கையைக் கிழித்துக்கொண்ட பிறகு யோசித்துக் கண்டுபிடித்தது என்பார்கள். 1908-ல் ஒன்டாரியோவின் மில்டனில் தொழிற்சாலை போட்டார். திருப்புளி வழுக்காது, ஒரே கையால் முடுக்கலாம். பிறகு 1936-ல் ஹென்றி பிலிப்ஸின் கூட்டல் குறி ஸ்க்ரூ கேடிலாக் கார் தொழிற்சாலைக்குள் நுழைந்தது. இயந்திரத் திருப்புளி தானாகவே நடுவில் போய் உட்காரும், கார் வேகமாக உருவாகும். ஆனால் இறுகிய ஸ்க்ரூவைத் திருப்பினால் திருப்புளி மேலே ஏறி, குழியையே வழித்துவிடும். வேண்டுமென்றே அப்படி வடிவமைத்தார் என்று ஒரு கதை உலவுகிறது. அவருடைய 1936 காப்புரிமையில் அப்படி எதுவும் இல்லை.

சரி, ஸ்க்ரூ ஏன் சிக்கிக்கொள்கிறது? துரு, தான் தின்ற இரும்பைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இடம் பிடிக்கும். மரைக்குள் அது உப்பினால் ஆப்பு அடித்த மாதிரிதான். அதன் மேல் வருடா வருடம் பூசிய பெயின்ட் வேறு.

போன வருடம் வீட்டை இடிக்கக் கொடுத்தார்கள். கதவுகளை மட்டும் முழுசாகக் காப்பாற்றிக் கொடுடா என்று தம்பியிடம் கெஞ்சினேன். இடிக்க வந்தவர்கள் கடப்பாரையோடு தயார். தம்பி ஒரு வயதான ஆசாரியைக் கூட்டிவந்தான். அவர் செய்ததைப் போனில் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டேன்.

வெட்டுக்குள் இருந்த பெயின்டைச் சுரண்டினார். ஸ்க்ரூத் தலையில் சூடான சால்டரிங் அயர்னை வைத்தார். இரும்பு விரிந்து சுருங்கும்போது துருவின் பிடி விடும். எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி காத்திருந்தார். வெட்டின் அகலத்துக்குச் சரியான திருப்புளியைப் போட்டு, தலையில் இரண்டு தட்டு தட்டி, முதலில் கொஞ்சம் *இறுக்கினார்*. அப்புறம்தான் கழற்றினார். தலை தேய்ந்துபோனவற்றுக்கு ஹாக்ஸா பிளேடால் புது வெட்டு. நான்கு கதவும் கீறல் இல்லாமல் வந்தன!

(டபிள்யூடி-40 அடிக்கலாமே என்பீர்கள். 1953-ல் சான் டியாகோவில் அது உருவானது ராக்கெட் தகடு துருப்பிடிக்காமல் ஈரத்தை விரட்ட. சிக்கிய மரைக்குள் ஊடுருவவே தனி எண்ணெய்கள் உண்டு.)

மறுபடி மாட்டும்போது பித்தளை ஸ்க்ரூவை மெழுகுவர்த்தியில் தேய்த்து இறக்கச் சொன்னாராம். சோப்பு வேண்டாம், ஈரத்தை இழுக்கும். பித்தளை மெத்து, தலை முறியும். அதனால் முதலில் ஓர் இரும்பு ஸ்க்ரூவால் வழி பண்ணிவிட்டு, பிறகு பித்தளை. நாளைக்குக் கழற்றப்போகிறவனை நினைத்து மாட்டுகிற ஆளை இந்தச் சரித்திரத்தில் நான் இவர் ஒருவரைத்தான் பார்த்தேன்.

தொழிற்சாலைக்காரர்கள் இப்போது இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார்கள். ஆப்பிள் 2009-ல் மடிக்கணினி பேட்டரிக்கு ஐந்து இதழ் ஸ்க்ரூ போட்டது. துருவே தேவையில்லை, அப்போது கடையில் கிடைத்த சாதாரணத் திருப்புளி எதுவும் சேராமலே பூட்டு. நூறு வருடப் பழைய ஒற்றை வெட்டு ஸ்க்ரூவையோ, அவசரத்துக்கு ஒரு நாணயத்தால்கூடத் திருப்பிப் பார்க்கலாம்.