கடிதம் போன வழி: உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலும் அரசின் ஆயத்தமும்

2019 ஏப்ரல் 11ஆம் திகதி பிரதிப் பொலிஸ் மாஅதிபர் ஒருவர் ஒப்பமிட்ட கடிதமொன்று கொழும்பிலுள்ள சில அலுவலகங்களுக்கு அனுப்பப்பட்டது. தேசிய தௌஹீத் ஜமாஅத்தின் தலைவர் சஹ்ரான் ஹாஷிம் தற்கொலைத் தாக்குதலொன்றுக்குத் திட்டமிடுகிறார் என்ற புலனாய்வுத் தகவல் அதில் இருந்தது. அமைச்சர்களின் பாதுகாப்புப் பிரிவு, நீதிபதிகளின் பாதுகாப்புப் பிரிவு, இராஜதந்திரிகளின் பாதுகாப்புப் பிரிவு, முன்னாள் ஜனாதிபதிகளின் பாதுகாப்புப் பிரிவு என்று அதன் முகவரிப் பட்டியல் நீண்டது. பட்டியலில் இருந்தவர்கள் பிரமுகர்களைக் காப்பவர்கள். ஆயர் இல்லமோ, பங்குத்தந்தையோ, ஹோட்டல் முகாமையாளரோ அதில் இல்லை. பத்து நாள் கழித்து கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்திலும், கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பின் மூன்று சொகுசு ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. 250க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

பயங்கரவாதத் தடுப்புப் பற்றிய கொள்கை ஆவணங்கள் பொதுமக்களின் அவநம்பிக்கையை ஒரு நோயாகவே பார்க்கின்றன. அரசு ஆயத்தமாக இருக்கிறது, மக்கள் நம்ப மறுக்கிறார்கள், ஆகவே விழிப்புணர்வூட்ட வேண்டும் என்பதே அவற்றின் வாதம். இலங்கையின் அனுபவம் இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது. இங்கே முதலில் நம்ப மறுத்தது அரசு. ஆபத்தை மக்களோடு பகிர்ந்துகொள்ளலாம் என்ற எண்ணமே இல்லாமல் கட்டப்பட்ட ஆயத்தம் அது. பின்னர் மக்கள் அடைந்த அவநம்பிக்கை, கண்ணெதிரே கிடந்த சான்றுகளிலிருந்து அவர்கள் பெற்ற முடிவு. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

ஆளணியோ அனுபவமோ குறைவான அரசல்ல அது. முப்பது ஆண்டு யுத்தத்தை நடத்தி முடித்த இராணுவம், பல்கிப் பெருகிய புலனாய்வுப் பிரிவுகள், 1979இல் தற்காலிக ஏற்பாடு என்று கொண்டுவரப்பட்டு இன்றுவரை நீங்காத பயங்கரவாதத் தடைச் சட்டம் எல்லாம் கையில் இருந்தன. இந்தியப் புலனாய்வுத் தரப்பிடமிருந்து ஏப்ரல் 4ஆம் திகதியே எச்சரிக்கை வந்துவிட்டது. தேவாலயங்களும் கொழும்பிலுள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயமும் இலக்காகலாம் என்ற அளவுக்கு அது தெளிவாக இருந்தது. 9ஆம் திகதி தேசிய புலனாய்வுப் பிரதானி சிசிர மென்டிஸ் பொலிஸ் மாஅதிபர் பூஜித் ஜயசுந்தரவுக்கு எழுதினார். 16ஆம் திகதி காத்தான்குடிக்கு அருகே பாலமுனையில் மோட்டார் சைக்கிள் ஒன்று வெடிக்க வைக்கப்பட்டது. ஒத்திகை என்று அப்போதே ஐயுறத்தக்க சம்பவம். உலகின் எந்தப் புலனாய்வு நிறுவனத்துக்கும் இவ்வளவு துல்லியமான முன்னறிவிப்பு அடிக்கடி வாய்ப்பதில்லை.

ஆயினும் இந்தத் தகவலைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழி அடைபட்டுக் கிடந்தது. 2018 ஒக்டோபர் 26ஆம் திகதி ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவைப் பதவிநீக்கிய பின் எழுந்த அரசியலமைப்பு நெருக்கடியின் எச்சம் அது. டிசம்பரில் ரணில் மீண்டும் பிரதமரானாலும் தேசிய பாதுகாப்புச் சபைக்கு அவர் அழைக்கப்படவில்லை. பொலிஸ் மாஅதிபருக்கும் அதே கதி. சஹ்ரானை விசாரித்துவந்த பயங்கரவாத விசாரணைப் பிரிவின் பணிப்பாளர், ஜனாதிபதியைக் கொல்லச் சதி செய்தார் என்ற குற்றச்சாட்டில் 2018 ஒக்டோபரில் கைதானார். அந்த விசாரணையும் தேங்கியது. பாதுகாப்பு அமைச்சரும் தானேயான ஜனாதிபதி, ஏப்ரல் நடுப்பகுதியில் திருப்பதிக்கும் அங்கிருந்து சிங்கப்பூருக்கும் போனார். பதில் பாதுகாப்பு அமைச்சராக எவரையும் நியமித்துவிட்டுப் போகவில்லை. வழமையாகச் சொல்லப்படும் 'ஒருங்கிணைப்புக் குறைபாடு' என்ற சொல் இதற்குப் போதாது. பாதுகாப்புச் சபையை ஆட்சியாளர்கள் தங்கள் சண்டைக்கான களமாக்கிக்கொண்டார்கள்.

இதைவிட ஆழமான ஒரு குறையை வவுணதீவுச் சம்பவம் காட்டுகிறது. 2018 நவம்பர் இறுதியில் மட்டக்களப்பு வவுணதீவுச் சோதனைச்சாவடியில் இரண்டு பொலிஸார் கொல்லப்பட்டனர். மாவீரர் நாள் கழிந்து மூன்று நாள்கூட ஆகவில்லை. சந்தேகம் உடனே முன்னாள் புலிகள்மீது பாய்ந்தது. முன்னாள் போராளி ஒருவர் கைதாகி மாதக்கணக்கில் தடுப்பில் இருந்தார். அந்தக் கொலைகளைச் செய்தது சஹ்ரானின் குழுவே என்பது ஏப்ரல் குண்டுகளுக்குப் பின்னரே வெளிப்பட்டது. அதன் பின்பே அவர் விடுதலையானார். 2018 டிசம்பரில் மாவனல்லையில் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டன. 2019 ஜனவரியில் புத்தளம் வனாத்தவில்லுவில் தென்னந்தோட்டமொன்றில் பெருந்தொகை வெடிபொருட்கள் அகப்பட்டன. மூன்றையும் ஒரே கோட்டில் கோத்துப் பார்த்திருக்க முடியும். அரசின் கண்ணோ பழகிய எதிரியின் மேல் இருந்தது. ஒரு சமூகம் முழுவதையும் சந்தேகிக்கப் பழகிய அரசுக்கு, அந்தச் சமூகத்துக்கு வெளியே உருவாகும் ஆபத்து தெரிவதில்லை. வடக்கு கிழக்குத் தமிழர்கள் தங்கள் மீதான கண்காணிப்பைப் பற்றிப் பல்லாண்டுகளாகச் சொன்னதை உரிமைப் பிரச்சினையாக மட்டுமே வாசித்தோம். அது நாட்டின் பாதுகாப்புக்கே கேடு என்ற வாசிப்புக்கும் இடமுண்டு.

மக்கள் வாய் திறக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. காத்தான்குடி முஸ்லிம்கள் சஹ்ரானின் பிரசாரத்தை எதிர்த்துப் பொலிஸிடம் பலமுறை முறையிட்டிருந்தார்கள். 2017 மார்ச்சில் அலியார் சந்தியில் அவரது குழு சூபி முஸ்லிம்களோடு மோதியதன் பின் அவர் தலைமறைவானார். முஸ்லிம் சிவில் அமைப்புகளின் தலைவர்கள் புலனாய்வுத் தரப்புக்குத் தாம் தகவல் கொடுத்ததைத் தாக்குதலின் பின் பகிரங்கமாகச் சொன்னார்கள். ஆக, அரசை நம்பி முறையிட்ட ஒரு சமூகம் இருந்தது. குண்டுகளின் பின்னரும் அந்த நம்பிக்கை உடனே போய்விடவில்லை. ஏப்ரல் 26ஆம் திகதி சாய்ந்தமருதில் புதிதாக வாடகைக்கு வந்தவர்கள்மேல் சந்தேகம் கொண்டு தகவல் கொடுத்ததும் ஊரவர்களே. அதன் விளைவாகவே சஹ்ரானின் குடும்பத்தவர்களும் சகாக்களும் பதுங்கியிருந்த வீடு அகப்பட்டது.

அந்தச் சமூகத்துக்குக் கிடைத்த கைம்மாறு என்ன? முகம் மூடும் ஆடைக்கு அவசரகால விதிகளின் கீழ்த் தடை. மே 13ஆம் திகதி மினுவாங்கொடையிலும் குருநாகல் மாவட்டத்திலும் முஸ்லிம் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது, ஊரடங்கு அமுலில் இருந்தும் கும்பல்கள் தடையின்றி நடமாடின. அடுத்த ஆண்டு, இளம் கவிஞர் அஹ்னாப் ஜசீம் 'நவரசம்' என்ற தமிழ்க் கவிதை நூலுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதானார். ஒன்றரை ஆண்டுக்கு மேல் தடுப்பில் இருந்த அவர், 2023 டிசம்பரில்தான் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார். தீவிரவாதம் கண்டெடுக்கப்பட்ட அந்த நூலைத் தமிழ் அறிந்த வாசகர் எவரும் எடுத்துப் பார்த்திருக்கலாம். வழக்குத் தொடுத்தவர்கள் ஏன் அதைச் செய்யவில்லை என்பது விளங்கவில்லை. இனி ஒரு சஹ்ரானைப் பற்றி முறையிடப் போகும் காத்தான்குடி இளைஞர், பொலிஸ் நிலையப் படியேறுமுன் இதையெல்லாம் எண்ணிப் பார்ப்பார்.

எதிர்வாதம் ஒன்று உண்டு. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. எச்சரிக்கையைப் பகிரங்கப்படுத்தினால் பீதி பரவும், தகவல் தந்த மூலம் அம்பலமாகும், தாக்கவிருந்தோர் இலக்கை மாற்றிக்கொள்வார்கள், பொய்யாய்ப் போன எச்சரிக்கைகள் அடுத்த எச்சரிக்கையின் மதிப்பைக் குறைக்கும் என்பார்கள் பாதுகாப்புத் துறையினர். நான்கும் உண்மைதான். ஆனால் கேட்கப்படுவது வானொலி அறிவிப்பு அல்ல. ஒவ்வொரு மறைமாவட்டத்துக்கும் ஒரு தொலைபேசி அழைப்பு, ஆலய வாசலில் பைகளைச் சோதிக்கும்படி ஒரு வேண்டுகோள் போதும். இரகசியம் காக்கப்பட்டதாகவும் சொல்ல முடியாது. தம் தந்தைக்கு முன்கூட்டியே தகவல் எட்டியிருந்ததாகவும், பிரபல தேவாலயங்களுக்குப் போகவேண்டாமென்று அவர் தம்மைத் தடுத்ததாகவும் அப்போதைய அமைச்சர் ஹரின் பெர்னாண்டோவே பகிரங்கமாகச் சொன்னார். தகவல் கசிந்தது, கசிந்த திசைதான் சரியில்லை. உறவும் செல்வாக்கும் உள்ளவர்களுக்கு அது எட்டியது, கட்டுவாப்பிட்டி மீனவக் குடும்பங்களுக்கு எட்டவில்லை. பீதி வந்துவிடுமே என்ற கவலை யாரைப் பற்றியது என்பதும் இங்கே தெளிவாகிறது.

எச்சரிக்கை எட்டியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதற்குச் சீயோன் தேவாலயமே பதில் தருகிறது. முதுகில் பையோடு வந்த அந்நியரைச் சந்தேகித்த சபையார் ஒருவர், பையை வெளியே வைத்துவிட்டு வரும்படி சொல்லி அவரை உள்ளே விடாமல் மறித்தார். குண்டு முற்றத்தில் வெடித்தது. மறித்தவரும் பல சிறுவர்களும் இறந்தனர், ஆனால் மண்டபம் நிறைய இருந்த மக்களில் பெரும்பாலானோர் பிழைத்தனர். எந்தப் பயிற்சியும் எந்தத் தகவலும் இல்லாமல் ஒரு தனிமனிதர் செய்தது இவ்வளவு.

2011 ஜூலை 22ஆம் திகதி நோர்வேயில் 77 பேரைக் கொன்ற தாக்குதலை இத்தோடு ஒப்பிடலாம். அங்கேயும் அரசு தவறியது. அரச அலுவலகங்கள் இருந்த வீதியை வாகனங்களுக்கு மூடும் முடிவு 2004இலேயே எடுக்கப்பட்டும் நிறைவேறவில்லை. கொலையாளியின் வாகன இலக்கத்தை வழிப்போக்கர் ஒருவர் பொலிஸுக்குச் சொல்ல, அதைக் குறித்த மஞ்சள் துண்டுச்சீட்டு ஒரு மேசையில் இருபது நிமிடமளவு கிடந்தது. இவற்றையெல்லாம் நாம் அறிவது, அந்த அரசே நியமித்த ஆணைக்குழு 2012 ஓகஸ்டில் தன் அறிக்கையை மக்கள் முன் வைத்ததால். ஒஸ்லோ குண்டுவெடிப்பைத் தடுத்திருக்கலாம் என்று அது ஒளிவுமறைவின்றி எழுதியது. பொலிஸ் தலைவர் பதவி விலகினார். நோர்வேயில் கொலையாளி பெரும்பான்மை இனத்தவர். அவரது குற்றத்துக்கு எந்தச் சிறுபான்மையும் பதில் சொல்லத் தேவைப்படவில்லை. எனவே ஒப்பீட்டை அளவுக்கு மீறி நீட்டக் கூடாது. தவறை ஒப்புக்கொண்டதும் அரசு கவிழ்ந்துவிடாது என்ற ஒன்றுக்கு மட்டும் அது போதிய சான்று.

இலங்கையில் பாராளுமன்றத் தெரிவுக்குழு 2019 ஒக்டோபரில் அறிக்கை தந்தது. ஜனாதிபதி ஆணைக்குழுவின் அறிக்கை 2021 பெப்ரவரி 1ஆம் திகதி கோட்டாபய ராஜபக்ஷவிடம் கையளிக்கப்பட்டது. அதன் தொகுதிகளை முழுமையாகத் தரும்படி கர்தினால் மல்கம் ரஞ்சித் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருந்தது. பின்னர் நியமிக்கப்பட்ட இரு குழுக்களின் அறிக்கைகளை 2024 ஒக்டோபரில் முன்னாள் அமைச்சர் ஒருவர் ஊடகச் சந்திப்பில் வெளியிட்டபோதுதான் நாடு கண்டது. அரச புலனாய்வுப் பிரமுகர் ஒருவருக்குத் தாக்குதலோடு தொடர்பு உண்டு என்று 2023 செப்டம்பரில் பிரித்தானியாவின் சனல் 4 எழுப்பிய குற்றச்சாட்டை அவர் மறுத்தார். அதன் உண்மை பொய்யை இங்கே தீர்க்க முடியாது. அப்படியொரு கதை இத்தனை பேருக்கு நம்பத் தகுந்ததாகப் பட்டது ஏன் என்பதே ஆய்வாளர் கேட்கவேண்டியது. அறிக்கைகளைப் பூட்டி வைக்கும் அரசு, ஊகங்களுக்கு இடம்விட்டே வைக்கிறது. மக்களைக் குறைகூற அதன்பின் அதற்கு அருகதை இல்லை.

விதிவிலக்காக நின்றது உயர் நீதிமன்றம். 2023 ஜனவரி 12ஆம் திகதி ஏழு நீதியரசர்கள் கொண்ட ஆயம், மைத்திரிபால சிறிசேன தம் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபாய் நட்டஈடு செலுத்த வேண்டுமென்று தீர்ப்பளித்தது. பூஜித் ஜயசுந்தரவும் அரச புலனாய்வுச் சேவையின் பணிப்பாளராயிருந்த நிலந்த ஜயவர்தனவும் தலா 7.5 கோடி, பாதுகாப்புச் செயலாளராயிருந்த ஹேமசிறி பெர்னாண்டோ 5 கோடி, சிசிர மென்டிஸ் 1 கோடி. ஹேமசிறியும் பூஜித்தும் அதற்கு ஏறத்தாழ ஓராண்டு முன்னரே குற்றவியல் வழக்கில் விடுதலையாகியிருந்தனர். தண்டனை வழங்காத சட்டம், அடிப்படை உரிமை மீறல் வழக்கின் ஊடாகப் பொறுப்பைச் சுட்டியது. எனினும் தீர்ப்பின் தொகையே செய்திகளில் நின்றது. அறிந்த ஆபத்தை மக்களிடமிருந்து மறைத்தல் சமத்துவத்தையும் வழிபாட்டு உரிமையையும் மீறும் செயல் என்று அதிலிருந்து பெறக்கூடிய கோட்பாட்டை வளர்த்தெடுக்கச் சட்டத்துறையில் எவரும் முனைந்ததாகத் தெரியவில்லை.

பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்குப் பதிலாக 2018 முதல் ஒன்றன்பின் ஒன்றாய் வரைவுகள் வந்தன. பயங்கரவாதத்துக்கான வரைவிலக்கணம் எவ்வளவு அகலமானது, தடுப்புக்காவல் எத்தனை நாள், அதற்கு உத்தரவிடுவது யார் என்பவற்றைச் சுற்றியே விவாதம் நடந்தது, நடக்கவேண்டிய விவாதம்தான். குறிப்பிட்ட இலக்கொன்றுக்கு ஆபத்து என்று தகவல் வந்தால், எந்த அதிகாரி, எத்தனை மணி நேரத்துக்குள், அந்த இடத்துக்குப் பொறுப்பானவருக்கு அதை அறிவிக்கக் கடமைப்பட்டவர், அறிவிக்காவிட்டால் அவருக்கு என்ன தண்டனை என்று வகுக்கும் ஒரு பிரிவை எழுதிச் சேர்ப்பது கடினமல்ல.