குட்டைகளைத் தாண்டிய ஆலன் மார்ஷல்

உடற்குறையுள்ள மாணவர் ஒருவர் நம் வகுப்பில் இருந்தால் அவரை எவ்வாறு நடத்துவது? இரக்கம் காட்டி நிழலில் அமர வைப்பதா, மற்ற பிள்ளைகளோடு திடலுக்கு அனுப்புவதா? ஆசிரியர்களும் பெற்றோர்களும் அடிக்கடி சந்திக்கும் இவ்வினாவைச் சிந்திக்க ஆஸ்திரேலிய எழுத்தாளர் ஆலன் மார்ஷலின் வாழ்க்கை துணைபுரிகிறது.

ஆலன் மார்ஷல் 1902ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் விக்டோரியா மாநிலத்தின் நூராட் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் முரட்டுக் குதிரைகளைப் பழக்குவதில் வல்லவர். தம் மகனும் சிறந்த குதிரை வீரனாக வரவேண்டும் என்பது அவர் கனவு. ஆனால் ஆறாம் வயதில் ஆலனை இளம்பிள்ளை வாதம் தாக்கியது. அந்நோய்க்கான தடுப்பூசி பயனுக்கு வர 1955 வரை உலகம் காத்திருக்க வேண்டியிருந்தது. நீண்ட மருத்துவமனை வாழ்க்கைக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் பின்னர், ஊன்றுகோல்களுடன் அவர் வீடு திரும்பினார்.

பெற்றோர் அவரை வீட்டுக்குள் பூட்டி வைக்கவில்லை. நண்பர்களோடு முயல் வேட்டைக்குச் சென்றார், பழைய எரிமலை வாய்க்குள் ஊர்ந்து இறங்கினார், விழுந்தார், எழுந்தார். தந்தையார் அறியாமலேயே மட்டக்குதிரையில் ஏறிப் பழகி, சவாரியும் கற்றுக்கொண்டார்.

வளர்ந்த பின்னரே உலகம் அவருக்குக் கடுமையாயிற்று. கணக்கியல் கற்றிருந்தும், ஊன்றுகோல்களைக் கண்ட முதலாளிகள் வேலை தரத் தயங்கினர். மெல்பர்னில் ஒரு காலணித் தொழிற்சாலையில் கணக்கராகப் பணிபுரிந்த காலத்தில், பொருளாதார மந்தத்தால் தொழிலாளர் பட்ட துன்பத்தை நேரில் கண்டார். அந்த அனுபவமே 1949இல் நாவலாக வெளிவந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மனைவியோடு குதிரை வண்டியில் ஊர் ஊராகச் சென்று எளிய மக்களைச் சந்தித்து, 1944இல் ஒரு பயண நூலையும் எழுதினார்.

அவருக்கு உலகப் புகழ் ஈட்டித் தந்தது, 1955இல் வெளிவந்த ‘ஐ கேன் ஜம்ப் படில்ஸ்’ என்னும் தன்வரலாறு. ‘என்னால் குட்டைகளைத் தாண்ட முடியும்’ என்பது அதன் பொருள். பல மொழிகளில் பெயர்க்கப்பட்ட இந்நூல் 1970இல் செக்கோஸ்லோவாக்கியாவில் திரைப்படமானது. 1981இல் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. தன்வரலாற்றின் அடுத்த இரு பாகங்கள் 1962இலும் 1963இலும் வெளிவந்தன. 1984இல் தமது 81ஆம் வயதில் அவர் மறைந்தார்.

இந்நூலில் ஓர் உண்மை ஆழமாகப் பதிவாகியுள்ளது. குழந்தை தன் குறையைப் பெரிதாக எண்ணுவதில்லை. பெரியவர்களின் பரிதாபப் பார்வையே அதனை ஊனமாக உணரச் செய்கிறது.

ஆயினும், “அவரால் முடிந்தது, உன்னால் ஏன் முடியாது?” என்று பிள்ளைகளைக் குத்திக்காட்ட இவ்வரலாற்றைப் பயன்படுத்தலாகாது. அதே விக்டோரியா மாநிலத்தில் 1982இல் பிறந்தவர் ஸ்டெல்லா யங். எலும்பு எளிதில் முறியும் நோயுடன் பிறந்து, சக்கர நாற்காலியில் வாழ்ந்த இவர், ஆசிரியராகவும் இதழாளராகவும் பணியாற்றினார். உடற்குறையுடையோரைப் பிறருக்கு ஊக்கம் ஊட்டும் காட்சிப் பொருளாக்குவதை அவர் வன்மையாக எதிர்த்தார். மனவுறுதி எவ்வளவு இருந்தாலும் படிக்கட்டு சரிவுப்பாதை ஆகிவிடாது என்பது 2014இல் அவர் ஆற்றிய உரையின் சாரம். அவ்வாண்டு டிசம்பரிலேயே அவர் காலமானார்.

இவ்விருவரையும் சேர்த்துப் படிப்பதே முறை. மார்ஷல், பிள்ளையின் துணிவுக்குத் தடைபோடாதீர்கள் என்கிறார். ஸ்டெல்லா, அத்துணிவைக் காரணங்காட்டி உங்கள் கடமையைத் தட்டிக்கழிக்காதீர்கள் என்கிறார். ஊன்றுகோலுடன் ஒரு பிள்ளை நம் பள்ளிக்கு வருமாயின், நாம் பாராட்டுரை தேடுவதற்கு முன் செய்ய வேண்டியவை இரண்டு: வகுப்பறையைக் கீழ்த்தளத்திற்கு மாற்றுவது; விளையாட்டு நேரத்தில் அப்பிள்ளைக்கும் ஓர் இடம் ஒதுக்குவது. மற்றதை அப்பிள்ளையே பார்த்துக்கொள்ளும்.