ரவைத் துப்பாக்கியும் காகிதச் சோதனையும்

ஓசூர்ச் சாலையை ஒட்டிய பொம்மனஹள்ளியில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் பல உள. அங்கே உழைக்கும் நம் தமிழ் மக்கள் ஒன்றை நன்கறிவர். மாதிரி உடையொன்றைத் தைத்து அளந்து பார்க்கும் முன்னர், கட்டுக் கட்டாகத் துணியை வெட்ட எவரும் துணிவதில்லை. துப்பாக்கிக் கலையிலும் இந்நியதி உண்டு. அதன் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

ரவைத் துப்பாக்கி ஒரே குண்டை எறிவதன்று. நூற்றுக்கணக்கான ஈய ரவைகளை ஒருசேர வீசுவது. செல்லச் செல்ல அவை விரிந்து பரவும். மிக விரிந்தால் இடைவெளியில் இலக்கு தப்பும். மிகக் குறுகினாலோ, கை சிறிது பிசகினும் குறி தவறும். குழல்வாயைச் சற்றே இறுக்கிப் பரவலை அடக்கும் முறைக்கு, 1866-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்துப் பேப் என்பார் காப்புரிமை பெற்றார். 1875-இல் இலண்டனில் நடந்த சோதனைப் போட்டியில், பர்மிங்காம் நகரத்துக் கிரீனரின் துப்பாக்கிகள் அம்முறையின் வெற்றியை நிலைநாட்டின.

சோதனை எளியது. 40 கஜத் தொலைவில் அகன்ற காகிதத்தைக் கட்டிச் சுடுவர். துளைகள் அடர்ந்த இடத்தை நடுவாகக் கொண்டு 30 அங்குல விட்டமுள்ள வட்டம் வரைந்து, உள்ளிருக்கும் துளைகளை எண்ணுவர். தோட்டாவில் 300 ரவைகள் இருந்து, வட்டத்துள் 210 விழுந்தால் அது நூற்றுக்கு எழுபது. முழு இறுக்கமுள்ள குழலின் அளவு அதுவே. வட்டத்தின் நடு, குறி வைத்த புள்ளிக்கு மேலோ கீழோ விலகியிருப்பதையும் காண்பர். ஒரு வேட்டு போதாது. பலமுறை சுட்டுச் சராசரி காணவேண்டும். தோட்டா மாறினால் மீண்டும் சோதிக்க வேண்டும்.

முற்காலத்தே கூண்டிலிருந்து விடுத்த உயிர்ப்புறாக்களையே போட்டியில் சுட்டனர். 1880-இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்து லிகாவ்ஸ்கி களிமண் தட்டை அமைத்தார். புறாக்கள் பிழைத்தன, விளையாட்டும் வளர்ந்தது. இன்றைய தட்டின் விட்டம் 110 மில்லிமீட்டரே. விரைந்து பறக்கும் அத்துணைச் சிறு பொருளுக்குப் பரவலில் ஒரு வெற்றிடமிருந்தாலும் போதும், தப்பிவிடும்.

நம் நாட்டில் பிகானீர் மன்னர் கர்ணி சிங் 1962-இல் கெய்ரோ உலகப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வென்றார். 2004-இல் ஏதென்சு ஒலிம்பிக்கில் இராச்சியவர்தன் சிங் ரத்தோர் வெள்ளி வென்றார். 2023-இல் சீனத்தின் ஹாங்சௌ ஆசியப் போட்டியில், புதுக்கோட்டைத் தொண்டைமான் மரபினரான பிருத்விராசர், கினான் செனாய், சோராவர் சிங் சந்து ஆகியோருடன் சேர்ந்து அணிக்கான தங்கத்தைப் பெற்றார். 375 தட்டுகளில் 361 உடைந்தன. தப்பியவை 14 மட்டுமே.

தங்கத்துக்கும் தோல்விக்கும் இடையே நிற்பவை சில தட்டுகளே. ஆதலின் கருவி செய்தவர் புகழை மட்டும் நம்பிக் களம் புகுதல் தகாது. பொறுமையாய்த் துளைகளை எண்ணித் தன் கருவியை அறிந்தவனே துணிவோடு குறி வைப்பான். ஆடைக்கும் அளவே அழகு, ஆயுதத்துக்கும் அஃதே.