தேவை தீர்ந்தபின் பிறந்த மதிப்பு

நேரம் அறியக் கைக்கடிகாரம் தேவையில்லை என்னும் நிலை வந்துவிட்டது. சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசியே வினாடி பிசகாமல் மணி காட்டுகிறது. ஆயினும், ஒரு வீடு வாங்கப் போதுமான பணத்தைக் கொடுத்து ஒரு கைக்கடிகாரம் வாங்குவோர் உலகில் குறைந்தபாடில்லை. ஜெனீவாவிலும் நியூயார்க்கிலும் ஹாங்காங்கிலும் இதற்கென்றே பெரும் ஏலங்கள் நடைபெறுகின்றன. முகப்பு, முட்கள், உள்ளிருக்கும் இயந்திரம், பின்மூடி ஆகியவற்றை மாதக்கணக்கில் ஆராய்ந்து, ஒன்றைத் தேர்ந்தெடுப்பதையே பொழுதுபோக்காகக் கொண்டோர் பலர். செல்வரின் வீண் பகட்டு என்று இதை ஒதுக்கிவிடுவது எளிது. அவ்வாறு ஒதுக்கத்தக்க பகட்டும் இதில் உண்டு. ஆனால், உயர்விலைக் கைக்கடிகாரத்தின் வரலாற்றை ஊன்றிப் படிப்போர், ஒரு பொருளை மனிதன் ஏன் மதிக்கிறான் என்னும் பழைய கேள்விக்கு அங்கே ஒரு விடையைக் காண்பர்.

ஆடம்பரத்துக்கு இட்ட தடை

வியப்புக்குரிய வகையில், இந்த வரலாறு ஆடம்பர ஒழிப்பிலிருந்து தொடங்குகிறது. 1541ஆம் ஆண்டு ஜான் கால்வின் ஜெனீவா நகருக்குத் திரும்பிவந்து, அங்குத் தம் சீர்திருத்தத் திருச்சபையை நிலைநாட்டினார். எளிமையே சட்டமாயிற்று; அணிகலன்களுக்குக் கட்டுப்பாடு வந்தது. சிலுவைகளும் திருக்கிண்ணங்களும் செய்து பிழைத்த பொற்கொல்லர்கள் வேலையிழந்தனர். அதே காலத்தில், பிரான்சு நாட்டின் சமயக் கொடுமைகளுக்குத் தப்பிய ஹியூகனாட் அகதிகள் அந்நகரில் அடைக்கலம் புகுந்தனர். அவர்களுள் கடிகாரம் செய்வோர் பலர் இருந்தனர். நகை கூடாது, நேரம் காட்டும் கருவி கூடும். எனவே, பொற்கொல்லரின் கைத்திறன் கடிகாரத்தின் பக்கம் திரும்பியது. 1601இல் ஜெனீவாவில் கடிகார வினைஞர்களின் சங்கம் அமைந்தது. துரத்தியடிக்கப்பட்ட அழகு, பயன் என்னும் போர்வையோடு பின்வாசல் வழியே திரும்பி வந்தது எனலாம்.

கால்வினின் அதே நகரில், இரு நூற்றாண்டுகளுக்கும் மேலான காலத்துக்குப் பின், கத்தோலிக்கர் ஒருவர் கடிகாரத் தொழிலில் பெரும்பெயர் பெற்றார். அவர் அந்தோனி பதேக். 1812இல் போலந்து மண்ணில் பிறந்து, 1830இல் ரஷ்ய ஆட்சிக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியில் போரிட்டு, தோல்விக்குப் பின் நாடிழந்து வந்தவர். 1839இல் சாபெக் என்பவருடன் தொழில் தொடங்கினார். அவர்களது தொடக்ககாலக் கடிகாரங்களில் போலந்தின் வீரர்களும், செஸ்டகோவா அன்னையும் பொறிக்கப்பட்டனர். நாடிழந்தோர் அவற்றில் மணி மட்டுமா பார்த்திருப்பர்? பின்னர், பிரெஞ்சுக் கலைஞரான அதிரியான் பிலிப் கூட்டாளியானார். இன்று சேகரிப்போர் பலரும் முதலிடம் தரும் பதேக் பிலிப் நிறுவனம் இவ்வாறு உருவாயிற்று. அதன் அடையாளமான காலத்ராவா சிலுவை, 1158இல் ஸ்பெயின் நாட்டில் சிஸ்டெர்சியன் மடாதிபதி இரைமுண்டு நிறுவிய துறவுப்படை ஒன்றின் சின்னமாகும்.

சட்டைப்பையிலிருந்து மணிக்கட்டுக்கு

அக்காலத்தில் ஆடவர் சட்டைப்பையில் சங்கிலிக் கடிகாரம் வைத்திருந்தனர். மணிக்கட்டில் அணிவது பெண்களின் அலங்காரம் என்றே கருதப்பட்டது. 1904இல் பிரேசில் நாட்டு வானோடி சந்தோஸ் துமோன், பறக்கும்போது பையில் கைவிட இயலாதென்று கூற, பாரிசின் கார்த்தியே அவருக்கொரு கைக்கடிகாரம் செய்துகொடுத்தார். 1914இல் மூண்ட முதல் உலகப் போர் இவ்வழக்கத்தைப் பொதுவாக்கியது. பீரங்கிகள் முழங்கும் நேரத்தோடு காலாட்படையினர் பதுங்குகுழியிலிருந்து எழும் நேரம் பொருந்தவேண்டும். பிசகினால் தம் குண்டுக்கே தம்மவர் பலியாவர். உயிர் காக்கும் கருவியாகவே கைக்கடிகாரம் ஆண்களின் கைக்கு வந்தது.

அதன்பின் கலைஞர்களின் திறமை அச்சிறு வட்டத்துக்குள் குவிந்தது. 1925இல் பதேக் பிலிப், நிரந்தர நாட்காட்டியைக் கைக்கடிகாரத்துக்குள் அடக்கியது. மாதத்துக்கு 30 நாளா 31 நாளா என்பதையும், நான்காண்டுக்கு ஒருமுறை வரும் பிப்ரவரி 29ஐயும் பற்சக்கரங்களே நினைவில் வைத்துக்கொள்ளும் அமைப்பு அது. ஆனால், 1582இல் திருத்தந்தை 13ஆம் கிரகோரி திருத்தியமைத்த நாட்காட்டியின்படி 2100ஆம் ஆண்டு நெட்டாண்டு ஆகாது. இத்தகைய கடிகாரங்களில் பெரும்பாலானவை இதை அறியா. அவ்வாண்டு மார்ச் முதல் நாளில் யாரேனும் ஒருவர் அவற்றைக் கையால் திருத்தவேண்டும். 1989இல் அதே நிறுவனம் வெளியிட்ட ‘காலிபர் 89’ என்னும் சட்டைப்பைக் கடிகாரமோ உயிர்ப்புப் பெருவிழா வரும் நாளையும் காட்டியது. அதற்காக வெட்டப்பட்ட சக்கரத்தின் கணக்கு 2017ஆம் ஆண்டோடு முடிந்தது. மனிதனின் மிக நுட்பமான கணக்குக்கும் ஓர் எல்லை உண்டு.

ஒரு கிறிஸ்து பிறப்பு நாள்

1969ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள், டோக்கியோவில் செய்க்கோ நிறுவனம் ‘அஸ்ட்ரான்’ என்னும் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் சுருள்வில்லின் இடத்தில் ஒரு மின்கலமும், ஊசலாடும் சக்கரத்தின் இடத்தில் வினாடிக்கு 8,192 முறை அதிரும் ஒரு குவார்ட்ஸ் படிகமும் இருந்தன. மாதத்துக்கு ஐந்து வினாடிக்கு மேல் அது பிசகாது. சுவிட்சர்லாந்தின் தேர்ந்த வினைஞர் ஆயுள் முழுதும் முயன்றாலும் எட்டவியலாத துல்லியம் அது. முதலில் ஒரு மகிழுந்தின் விலைக்கு விற்ற இத்தகைய கடிகாரம் சில ஆண்டுகளிலேயே எளியோர் கைக்கும் எட்டியது. அது நன்மையே என்பதில் ஐயமில்லை. ஆனால், சுவிஸ் கடிகாரத் தொழிலில் 1970இல் ஏறத்தாழ 90,000 பேர் இருந்தனர். 1980களின் நடுவில் எஞ்சியோர் 30,000 பேருக்குச் சற்று மேல். தலைமுறை தலைமுறையாகக் காத்த தொழில் கண்முன்னே கரைந்தது.

இவ்விடத்தில் ஓர் எளிய தொழிலாளியை நாம் நினைவுகூர வேண்டும். லே லோக்ல் என்னும் மலையூரில் ஜெனித் தொழிற்சாலையில் பணிபுரிந்தவர் சார்ல் வெர்மோ. அங்கே 1969இல் உருவான ‘எல் பிரிமேரோ’ என்னும் இயந்திரம், நிறுத்துகடிகார அமைப்புடன் தானே முறுக்கேறும் முதற் கடிகாரங்களுள் ஒன்று. 1975இல், அமெரிக்காவிலிருந்த அன்றைய உரிமையாளர்கள், இனி குவார்ட்ஸ் மட்டுமே போதும், பழைய கருவிகளை விற்றுவிடுங்கள் என்று ஆணையிட்டனர். வெர்மோ வேண்டிப் பார்த்தார், பயனில்லை. பின்னர், ஓசையின்றி அச்சுகளையும் வெட்டுகருவிகளையும் தொழிற்சாலையின் பரணில் மறைத்து வைத்தார். கனத்த அழுத்துப்பொறிகளையும் மறைத்தார். ஒவ்வொன்றுக்கும் பெயர்ச்சீட்டு எழுதினார். செய்முறைகளைக் குறிப்பேட்டில் பதிந்தார். எதையும் அவர் தம் வீட்டுக்கு எடுத்துச் செல்லவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். எல்லாம் அதே கூரையின் கீழ், கேட்பாரற்றுக் கிடந்தன. 1984இல் அவ்வியந்திரத்தை மீண்டும் செய்ய நிறுவனம் விரும்பியபோது பரண் திறக்கப்பட்டது. 1988 முதல் புகழ்பெற்ற ரோலெக்ஸ் நிறுவனமே தன் ‘டேடோனா’ கடிகாரத்துக்கு அவ்வியந்திரத்தை வாங்கியது.

எது விலை பெறுகிறது?

உயர்விலைக் கைக்கடிகாரங்களைச் சேகரிக்கும் வழக்கம் பெருகியது இதற்குப் பின்னரே. நேரம் காட்டும் பணி பறிபோனபின்தான் அப்பொருளின் மதிப்பு உயர்ந்தது. ஏலச் சந்தையே இதற்குச் சான்று. பதேக் பிலிப்பின் 1518 என்னும் வகையில் 281 கடிகாரங்களே செய்யப்பட்டன, பெரும்பாலானவை பொன்னாலானவை. அறியப்பட்ட எஃகுக் கடிகாரங்கள் நான்கே. 2016இல் ஜெனீவாவில் ஓர் எஃகுக் கடிகாரம் ஒரு கோடியே பத்து இலட்சம் சுவிஸ் பிராங்கு பெற்றது. பொன்னை எஃகு வென்றது.

அடுத்த ஆண்டு நியூயார்க்கில் ஏலமானது, நடிகர் பால் நியூமனின் ரோலெக்ஸ் டேடோனா. அதுவும் எஃகு; வாங்கிய விலை சில நூறு டாலரே. கார்ப் பந்தயங்களில் ஈடுபட்ட கணவருக்காக, அவர் மனைவி ஜோன் உட்வர்ட், ‘கவனமாக வண்டி ஓட்டுங்கள் – நான்’ என்னும் பொருள்பட, மூன்றே சொற்களைப் பின்மூடியில் பொறித்திருந்தார். அது ஒரு கோடியே 77 இலட்சம் டாலருக்கு விலைபோயிற்று. அந்நாள்வரை எந்தக் கைக்கடிகாரமும் ஏலத்தில் அவ்வளவு பெற்றதில்லை. ஒரு மனைவியின் கவலைக்கு உலகம் இட்ட விலை என்று அதைக் கொள்ளலாமா? புகழ் மயக்கமும் அதில் உண்டுதான். எனினும், அம்மூன்று சொற்கள் இன்றி அக்கடிகாரத்தின் கதையைச் சொல்ல இயலாது.

தேர்ந்தெடுக்கத் தெரிந்தோர் இவ்வரலாற்றிலிருந்தே தம் அளவுகோலை எடுத்துக்கொள்கின்றனர். துல்லியத்தை அவர்கள் தேடுவதில்லை. பொன்னின் எடையைப் பார்ப்பதில்லை. செய்தவரின் கைத்தடம் தெரிகிறதா, மெருகேற்றி அழிக்கப்படாத பழமை உண்டா, அரை நூற்றாண்டுக்குப் பின்னும் ஒருவர் பிரித்துப் பழுதுபார்க்க இயலுமா என்றே வினவுகின்றனர். மற்றொரு கூட்டமோ விலை ஏறுமா என்பதை மட்டுமே கேட்கிறது. 2022இன் தொடக்கம்வரை ஏறிய மறுவிற்பனை விலைகள் பின்னர் சரிந்தபோது, அவர்களுள் பலர் கையில் கடிகாரம் இருந்தும் வெறுங்கையராயினர்.

பயன்படுத்தத் தக்கவை, துய்க்கத் தக்கவை எனப் பொருள்களைப் புனித அகுஸ்தினார் பிரித்துக்காட்டினார். இறைவன் ஒருவரே தம்மளவில் துய்த்தற்குரியவர். ஏனையவை அவரை நோக்கி நம்மை நடத்துமாறு பயன்படுத்தத் தக்கவை என்பது அவர் கருத்து. கைக்கடிகாரமும் இவ்விதிக்கு உட்பட்டதே. அது நம்மை ஒரு வினைஞரின் பொறுமைக்கோ ஒரு தாத்தாவின் நினைவுக்கோ இட்டுச்செல்லுமாயின், அதைப் போற்றுவதில் பழுதில்லை. பக்கத்து வீட்டாரின் பார்வைக்கு மட்டுமே இட்டுச்செல்லுமாயின், எத்தனை இலட்சம் கொடுத்திருந்தாலும் அது சுமையே.

சாவி கொடுக்கும் கடிகாரத்தில் ஓர் இயல்பு உண்டு. பெட்டகத்தில் பூட்டி வைத்தால் இரண்டொரு நாளில் அது நின்றுவிடும். எவ்வளவு விலை உயர்ந்ததாயினும் அதற்கு விலக்கில்லை. நாள்தோறும் ஒருவர் கையிலெடுத்து முறுக்கினால்தான் அது ஓடும். வெர்மோ பரணில் வைத்தவையும், ஒருநாள் யாரேனும் கையிலெடுப்பர் என்னும் நம்பிக்கையோடு வைக்கப்பட்டவையே.