போட் சிக்காகோ வெடிவிபத்து, 1944: பயிற்சியும் பாதுகாப்பும் கீழ்ப்படிவும்

போர்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் களத்தில் நிகழ்ந்த வெற்றி தோல்விகளையே கருத்திற் கொள்வர். பகைவரின் குண்டுக்கு இரையானோரின் பெயர்கள் நினைவுக் கற்களிற் பொறிக்கப்படுகின்றன. ஆயின், தம் கையில் ஏந்திய ஆயுதத்தாலும், தம் முகாமில் அடுக்கிய வெடிமருந்தாலும், தம் மேலதிகாரி இட்ட கட்டளையாலும் மாண்ட படையினரின் கதை அடிக்குறிப்பாகவே எஞ்சுகின்றது. அத்தகைய மரணங்கள் யாவற்றையும் ‘விபத்து’ என்னும் ஒரு சொல்லுக்குள் அடக்கிவிடுதல் வழக்கம். அச்சொல் தற்செயல் என்ற பொருளைத் தன்னகத்தே கொண்டுள்ளமையால், அதற்கு மேல் வினா எழுப்புவாரும் இல்லாது போகின்றனர்.

இரண்டாம் உலக மகாயுத்தத்தின்போது, 1944ஆம் ஆண்டு யூலை 17ஆந் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் போட் சிக்காகோவில் நிகழ்ந்த வெடிவிபத்து இவ்வழக்கத்தை மறுபரிசீலனை செய்யத் தூண்டுவதாகும். ஆயுதப் பாதுகாப்பு என்பது வெறும் விதிகளின் தொகுப்பன்று; ஆபத்தை நேரிற் சந்திப்பவனுக்கு அதனை அறியும் உரிமையும் அதுபற்றிப் பேசும் உரிமையும் இல்லாதவிடத்து எவ்விதியும் பயன் தராது என்பதை அந்நிகழ்ச்சியின் துணைகொண்டு எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

களமும் ஆட்களும்

போட் சிக்காகோ என்பது கலிபோர்ணியா மாநிலத்தில், சன்பிரான்சிஸ்கோ நகரிலிருந்து முப்பது மைலுக்குச் சற்று அப்பால், சுயிசன் குடாக் கரையில் அமைந்திருந்த கடற்படை வெடிமருந்துத் துறையாகும். பசிபிக் போர்க்களத்துக்கு வேண்டிய குண்டுகள் புகையிரதப் பெட்டிகளில் இங்கு வந்து சேர்ந்து கப்பல்களில் ஏற்றப்பட்டன. 1942 டிசம்பரில் முதலாவது கப்பல் இங்கு நிரப்பப்பட்டது.

ஏற்றும் பணியில் ஈடுபட்ட கடற்படையினர் அனைவரும் கறுப்பின இளைஞர். அவர்களை நடத்திய அதிகாரிகள் அனைவரும் வெள்ளையர். 1942 யூன் மாதம் வரை அமெரிக்கக் கடற்படை கறுப்பினத்தவரைச் சமையலறையிலும் உணவுக்கூடத்திலும் ஏவலாளராக மட்டுமே புதிதாகச் சேர்த்துவந்தது. அத்தடை நீங்கியபின் சேர்ந்த பலர் பெரிய ஏரிகள் பயிற்சி நிலையத்திற் கடலோடிகளுக்குரிய பயிற்சியைப் பெற்றனர். கடலிற் செல்வோம் என்று எதிர்பார்த்திருந்த அவர்கள் கரையில் மூட்டை சுமப்போராயினர். கற்ற தொழில் அவர்களுக்குத் தரப்படவில்லை. தரப்பட்ட தொழில் அவர்களுக்குக் கற்பிக்கப்படவில்லை.

பயிற்சியும் போட்டியும்

வெடிமருந்தைக் கையாளுவதற்கென முறையான பயிற்சி எதுவும் அங்கு வழங்கப்படவில்லை. பழகியவரைப் பார்த்துப் புதியவர் பழகிக்கொண்டனர். ஏற்றுவோரை மேற்பார்வை செய்த அதிகாரிகளின் நிலையும் இதனினும் பெரிதும் வேறுபட்டதன்று. 1944 ஏப்ரிலில் நிலையத்தின் பொறுப்பை ஏற்ற கப்டன் மெரில் கின் என்பவருக்கே குண்டு ஏற்றுதலிற் பயிற்சி இருந்ததில்லை. பாதுகாப்பு விதிகள் இறங்குதுறையில் ஓரிடத்தில் ஒட்டப்பட்டிருந்தன. படையினர் தங்கிய விடுதிகளில் ஒட்டப்படவில்லை. சாதாரண படையினர் அவற்றை விளங்கிக்கொள்ளமாட்டார் என்பதே கின் கொண்டிருந்த எண்ணமாகும். வெடிதூண்டி பொருத்தப்படாத பெருங்குண்டுகள் வெடிக்கவே மாட்டா என்றும் படையினருக்குச் சொல்லப்பட்டது.

பயிற்சி குறைவாயிருந்த அவ்விடத்தில் அவசரம் மிகுந்திருந்தது. கப்பலின் சரக்கறை வாயில் ஒவ்வொன்றிலும் மணிக்குப் பத்துத் தொன் ஏற்றப்படவேண்டும் என்ற இலக்கை மேலதிகாரியான கப்டன் நெல்சன் கொஸ் விதித்திருந்தார். அவர்கள் எய்திய சராசரி 8.2 தொன் ஆகும். மெயர் தீவிலே பணிசெய்த, கூலிக்கு அமர்த்தப்பட்ட தொழில்முறைத் துறைமுகத் தொழிலாளர் எய்தியதும் 8.7 தொன்னே. எனவே, இலக்குத்தான் மிகையானதேயன்றி, உழைப்புக் குறைவானதன்று. எனினும் ஒவ்வொரு பிரிவும் ஏற்றிய தொன் கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டிப் பிரிவுகளுக்கிடையே போட்டி மூட்டப்பட்டது. தம்தம் பிரிவின் மீது அதிகாரிகள் பந்தயம் கட்டியதும் உண்டு.

எச்சரித்தவர் எவரும் இலர் என்று கூறுதற்கில்லை. துறைமுகத் தொழிலாளர் சங்கம் அனுபவமுள்ள தன் உறுப்பினரை அனுப்பிப் பயிற்சியளிக்க முன்வந்தது. செலவு கூடும், வேகம் குறையும் என்ற அச்சத்தாற் கடற்படை அதனை ஏற்கவில்லை. பாதுகாப்பைக் கண்காணிக்க வந்த கரையோரக் காவற்படைப் பிரிவினர் சுட்டிக்காட்டிய குறைகள் திருத்தப்படாமையால், அவர்களின் தலைவர் தம் ஆட்களையே திருப்பி அழைத்துக்கொண்டார்.

யூலை 17

அன்றிரவு இறங்குதுறையின் ஒரு பக்கத்தில் ஈ. ஏ. பிறையன் என்னும் கப்பலில் ஏறத்தாழ 4,600 தொன் வெடிபொருள் ஏற்றப்பட்டிருந்தது. மறுபக்கத்தில் குயினோல்ற் விக்டரி என்னும் புதிய கப்பல் ஏற்றுதலுக்கு ஆயத்தமாய் நின்றது. துறைமேடையில் நின்ற பதினாறு புகையிரதப் பெட்டிகளில் மேலும் 430 தொன் இருந்தது. வெடிதூண்டி பொருத்தப்பட்ட தீக்குண்டுகளும், அதிர்ச்சியால் எளிதில் வெடிக்கவல்ல மருந்து நிரப்பிய ஆழ்நீர்க் குண்டுகளும் அன்று ஏற்றப்பட்டவற்றுள் அடங்கும்.

இரவு 10 மணி 18 நிமிடமளவில் முதல் வெடிப்பு நிகழ்ந்தது. சில வினாடிகளின் பின் கப்பல் முழுவதுமே வெடித்தது. பிறையன் கப்பலின் அடையாளமே இல்லாதொழிந்தது. மற்றைய கப்பல் துண்டாகிக் கவிழ்ந்தது. பேக்கிலி பல்கலைக்கழகத்தின் நிலநடுக்கமானி அவ்வதிர்ச்சியைப் பதிவு செய்தது. துறையில் நின்ற 320 பேரும் மாண்டனர். அவர்களுள் 202 பேர் கறுப்பினக் கடற்படையினர். காயமுற்றோர் 390 பேர். அடையாளங் காணத்தக்க நிலையிற் கிடைத்த உடல்கள் 51 மட்டுமே. அப்போரில் மாண்ட கறுப்பினக் கடற்படையினருள் நூற்றுக்குப் பதினைந்து பேர் இந்த ஓரிரவிலே மாண்டவராவர்.

விசாரணை

நான்கு நாட்களின் பின் கூடிய விசாரணை மன்று ஏறத்தாழ 125 பேரின் சாட்சியத்தைக் கேட்டது. அவர்களுட் கறுப்பினத்தவர் ஐவரே. வெடிப்பின் காரணத்தைத் திட்டமாக அறியமுடியவில்லை என்று மன்று கூறியது. குண்டுகளை முரட்டுத்தனமாகக் கையாண்டமை, பாரந்தூக்கும் பொறி பழுதுற்றமை போன்ற பலவற்றைச் சாத்தியமான காரணங்களாக அது குறிப்பிட்டது. வெடிபொருள் ஏற்றுதல் ஒருபோதும் போட்டிக்குரிய விடயமாதலாகாது என்ற மென்மையான கண்டனத்தைத் தவிர, அதிகாரிகள் மீது யாதொரு பழியும் சுமத்தப்படவில்லை.

மாண்டவரின் குடும்பத்தினருக்கு நட்டஈடாக 5,000 டொலர் வழங்கும் யோசனை கொங்கிரஸ் முன் வந்தது. பெறுவோருட் பெரும்பாலோர் கறுப்பினத்தவர் என்பதை அறிந்த மிசிசிப்பி உறுப்பினர் ஜோன் ராங்கின் அதனை எதிர்த்தார். தொகை 3,000 டொலராகக் குறைக்கப்பட்டது. உயிர்தப்பிய வெள்ளை அதிகாரிகளுக்கு முப்பது நாள் விடுமுறை கிடைத்தது. உயிர்தப்பிய கறுப்பினப் படையினருக்கு அது மறுக்கப்பட்டது. தம் தோழரின் உடற் சிதறல்களைப் பொறுக்கிச் சேர்த்தவர்களுள் அவர்களும் அடங்குவர்.

மறுப்பும் தண்டனையும்

ஓகஸ்ட் 9ஆந் திகதி, வலேயோ நகரில் இருந்த மூன்று பிரிவுகளைச் சேர்ந்த 328 பேர் மீண்டும் வெடிமருந்து ஏற்றுமாறு கட்டளையிடப்பட்டனர். பயிற்சியிலோ முறையிலோ மாற்றம் எதுவும் செய்யப்பட்டிருக்கவில்லை. 258 பேர் மறுத்தனர். வேறெந்தக் கட்டளைக்கும் பணிவோம், இதனை மட்டும் செய்யோம் என்பதே அவர்களுட் பலர் கூறியதாகும். அவர்கள் தட்டைப் படகொன்றில் அடைத்து வைக்கப்பட்டனர். போர்க்காலக் கலகத்துக்கு மரணதண்டனை உண்டென அட்மிறல் கார்ல்ற்றன் றைற் நேரில் வந்து எச்சரித்தார். இறுதியில் 50 பேர் கலகக்காரரெனப் பிரித்தெடுக்கப்பட்டனர். எஞ்சிய 208 பேரும் சிறு இராணுவ நீதிமன்றிற் குற்றவாளிகளாகக் காணப்பட்டு மூன்று மாதச் சம்பளத்தை இழந்தனர்.

ஐம்பதின்மர் மீதான விசாரணை செப்டெம்பரிற் தொடங்கி ஒக்டோபர் 24 வரை நீடித்தது. கலகம் என்பது அதிகாரத்தைக் கவிழ்ப்பதற்கான கூட்டுச் சதி. கட்டளையொன்றை மறுத்தல் கூடினாற் கீழ்ப்படியாமையே ஆகும் என எதிரிகள் தரப்பு வாதித்தது. இவ்வாதம் எடுபடவில்லை. ஏறத்தாழ எண்பது நிமிட ஆலோசனையின் பின் ஐம்பதின்மரும் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டுப் பதினைந்து ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றனர். பின்னர் சிலரது தண்டனை குறைக்கப்பட்டது. விசாரணையை நேரில் அவதானித்த சட்டத்தரணி தேர்குட் மார்ஷல், பிற்காலத்தில் அமெரிக்க உயர்நீதிமன்றின் முதற் கறுப்பின நீதியரசரானவர், விசாரணைக்குரியவர் இவ்வைம்பதின்மர் அல்லர், கடற்படையின் கொள்கையே என்ற கருத்தினராயிருந்தார். ஏன் பயிற்சி அளிக்கப்படவில்லை என்பதே அவர் எழுப்பிய வினாக்களுள் முதன்மையானது. அவ்வினாவுக்கு அம்மன்றில் இடமிருக்கவில்லை.

பின்விளைவுகள்

எனினும், மன்று மறுத்த விடையைக் கடற்படையின் நடைமுறையே பின்னர் அளித்தது எனலாம். வெடிமருந்து ஏற்றுவோருக்கு முறையான பயிற்சியும் தகுதிச் சான்றும் கட்டாயமாக்கப்பட்டன. குண்டுகளின் அமைப்பும் ஏற்றும்போது பாதுகாப்பாய் இருக்கும் வகையில் மாற்றப்பட்டது. ஏற்றும் பணியில் வெள்ளையர் பிரிவுகளும் அமர்த்தப்பட்டன. 1946 ஜனவரியிற் கைதிகளுட் பெரும்பாலோர் விடுவிக்கப்பட்டனர். அதே ஆண்டு பெப்ரவரியிற் கடற்படையும், 1948 யூலையில் ஜனாதிபதி ட்ரூமனின் கட்டளையால் ஆயுதப் படைகள் அனைத்தும் இனப் பிரிவினையைக் கைவிட முற்பட்டன. ஆயினும் ‘கலகக்காரர்’ என்ற பெயர் நீங்கவில்லை. 1999இல் ஒருவருக்கு ஜனாதிபதியின் மன்னிப்புக் கிடைத்தது. மன்னிப்பு குற்றத்தை இல்லாததாக்குவதன்று. எண்பது ஆண்டுகளின் பின், 2024 யூலை 17ஆந் திகதியே, எஞ்சிய 256 பேரும் குற்றமற்றவரெனக் கடற்படைச் செயலாளர் கார்லொஸ் டெல் டோறோ அறிவித்தார்.

இவ்விடத்தில் மற்றொரு நிகழ்ச்சியை ஒப்பிட்டு நோக்குதல் பொருத்தமாகும். 1956 ஏப்ரில் 8ஆந் திகதி, தென் கரோலினாவின் பரிஸ் தீவில், ஒழுங்கு கற்பிக்கும் பொருட்டு இரவில் எழுபதுக்கு மேற்பட்ட புதுப் படையினரைப் பயிற்சியாளர் ஒருவர் கழிமுக ஓடையொன்றினுள் நடத்திச் சென்றார். ஆறு பேர் மூழ்கி இறந்தனர். நீரில் இறங்கும் கட்டளையை அவர்கள் மறுக்கவில்லை. மறுக்கக் கூடாதென்பதே அவர்கள் கற்ற முதற் பாடம். போட் சிக்காகோவில் மறுத்தவர் தண்டிக்கப்பட்டனர். பரிஸ் தீவிற் பணிந்தவர் மாண்டனர். ஆயின் பின்னைய நிகழ்ச்சியிற் கட்டளையிட்டவரே குற்றவாளிக் கூண்டில் நின்றார். பயிற்சியாளரைக் கண்காணிக்கும் முறைகளும் சீர்திருத்தப்பட்டன. இப்பன்னிரண்டு ஆண்டு இடைவெளி சுட்டும் வேறுபாடு சிந்தித்தற்குரியது.

முடிவுரை

படை என்பது கீழ்ப்படிவின்றி இயங்காது என்பதை எவரும் மறுப்பதற்கில்லை. ஆயின், கீழ்ப்படிவைக் கோரும் அதிகாரம், கீழ்ப்படிபவனை அறியாமையில் விடாதிருக்கும் கடமையையும் உடன் சுமக்கின்றது. அக்கடமையைத் தவறவிட்ட பின் நிகழ்வதை விபத்து என்று பெயரிடுதல், பொறுப்பை மறைக்கும் ஒரு வழியே. போட் சிக்காகோவில் வெடிப்பின் நேர்க்காரணம் யாதென இன்றுவரை தீர்மானிக்கப்படவில்லை. எந்தக் குண்டு முதலில் வெடித்தது என்பதை அறியாவிடினும், அதனைத் தூக்கியவனுக்கு அதுபற்றிக் கற்பிக்கப்படவில்லை என்பதை நாம் அறிவோம். வரலாற்றாசிரியன் விபத்து என்னும் சொல்லைக் காணுமிடமெல்லாம், அங்கு யாருக்கு எது கற்பிக்கப்படாது விடப்பட்டது, எவர் சொல் கேட்கப்படாது போயிற்று என்னும் இரு வினாக்களையும் எழுப்புதல் வேண்டும்.