படக் கிடங்கின் பூட்டு

ஜொகூர் மாநிலத்துக் கூலாய் மாவட்டத்தில், செம்பனைத் தோட்டங்கள் சூழ அமைந்த ஊர் பண்டார் தெங்காரா. 1972-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற கெஜோரா என்னும் மேம்பாட்டு வாரியம் காடு திருத்தி நிலத்திட்டங்களை வகுத்தபோது எழுந்த ஊர்களுள் இதுவும் ஒன்று. அதே மாவட்டத்துச் செடெனாக்கில் இன்று வேறு வகையான விளைச்சல் நடைபெறுகின்றது. 2019 முதல் 2022 வரை புதிய தரவு மையங்களுக்குச் சிங்கப்பூர் இடங்கொடாது நிறுத்தி வைத்தமையால், அவற்றுட் பல நீரிணையைக் கடந்து ஜொகூருக்கு வந்தன. மக்கள் எடுக்கும் படங்கள் போய்ச் சேரும் கிடங்குகள் இத்தகைய கட்டடங்களிலேயே அமைகின்றன.

பண்டார் தெங்காராவில் ஒருவர், ஒரு சங்கத்தின் இணையதளத்தில் திருவிழாப் படமொன்றை ஏற்ற முயல்கின்றார் என்று கொள்வோம். “அனுமதி மறுக்கப்பட்டது” என்னும் விடையும் 403 என்னும் எண்ணும் வருகின்றன. படத்திலும் பழுதில்லை, இணைப்பிலும் பழுதில்லை. உரியவர் யார், அவர் பெயரால் செயற்படத்தக்கவர் யார் என்னும் வினாவுக்குக் கிடங்கு வேண்டும் விடை கிடைக்கவில்லை. இவ்வினா கணிப்பொறிக்குள் புகுந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகின்றது.

தொடக்கத்தில் கணிப்பொறிக்குப் பூட்டு வேண்டியிருக்கவில்லை. ஒருவர் தம் துளையட்டைகளைக் கொண்டு வந்து, வேலை முடிந்ததும் எடுத்துச் செல்வார். 1961-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோ குழுவினர் ஒரே பொறியைப் பலர் ஒருங்கே பயன்படுத்தும் முறையை இயக்கிக் காட்டினர். ஒருவர் ஏட்டை மற்றவர் தொடாதிருக்கக் கடவுச்சொல் தேவையாயிற்று. 1966-இல் நேர்ந்த விந்தை ஒன்று உண்டு. அன்றைய அறிவிப்பு வர வேண்டிய இடத்தில், எல்லோருடைய கடவுச்சொற்களும் எல்லோருக்கும் அச்சாகி வந்தன! நிருவாகிகள் இருவர் ஒரே நேரத்தில் வெவ்வேறு கோப்புகளைத் திருத்தியபோது, ஒரே பெயருடைய இடைக்காலக் கோப்பில் இரண்டும் இடம் மாறின. ஒரு பகுதியில் ஒருவரே பணியாற்றுவார் என்று வடிவமைத்தவர்கள் எண்ணியிருந்தனர். பின்னர் எழுந்த யூனிக்ஸ், உரியவர், குழுவினர், ஏனையோர் என மக்களை மூவகைப்படுத்தி, படித்தல், எழுதுதல், இயக்குதல் என உரிமைகளையும் மூன்றாக்கியது. அப்பாகுபாடு இன்றும் வழங்குகின்றது.

அமேசான் நிறுவனம் 2006 மார்ச்சில் எஸ்3 என்னும் சேமிப்பகத்தைத் திறந்தபோது, கிடங்கின் உடைமையாளரும் அதில் பொருள் வைப்பவரும் வேறு வேறு ஆயினர். பொருளை இடும் கொள்கலனுக்குப் பக்கெட் என்று பெயர். தமிழில் பேழை எனலாம். அந்நாளில் ஒருவர் பேழையில் வேறொருவர் படத்தை இட்டால், படம் இட்டவருக்கே உரியதாயிற்று; பேழைக்காரரே அதைத் திறக்க இயலாத நிலையும் உண்டாயிற்று. “அடையாளம் உறுதியான பயனர்” என்றொரு பிரிவும் இருந்தது. தம் அலுவலகத்தாரையே அது குறிக்கும் என்று பலர் கருதினர். உண்மையில், அமேசானில் கணக்கு வைத்திருக்கும் எவரையும் அது குறித்தது. ஒரு பெயர் செய்த தீங்கு சிறிதன்று.

பிறர் பெயரால் திறத்தல் என்னும் சிக்கல் தமிழருக்குப் புதியதன்று. தில்லையில் பூட்டிக் கிடந்த தேவார ஏடுகளைப் பற்றித் திருமுறைகண்ட புராணம் கூறுவதை யாவரும் அறிவர். மூவர் முதலிகளே வந்தால் அறை திறக்கப்படும் என்றனர் காவலர். சோழ மன்னன் மூவரின் திருவுருவங்களை எழுந்தருளச் செய்து, “இதோ வந்தனர்” என்றான்; கதவு திறந்தது. உருவம் உரியவராக ஏற்கப்பட்டது. இன்றைய சேமிப்பகத்தில் ‘பணிப்பொறுப்பு’ எனப்படுவதும் இத்தகையதே: இணையதளத்தின் நிரல், உரியவர் அளித்த பொறுப்பை ஏற்று, அவர் பெயரால் படத்தை இடுகின்றது. ஆனால் அறை திறந்தபோது ஏடுகளுட் பெரும்பகுதி செல்லரித்துப் போயிருந்தது என்றும் அக்கதை கூறுகின்றது. பூட்டைப் புகழ்வோர் இதையும் நினைதல் நலம்.

பிழை கண்டவுடன் பலர் செய்வது பேழையை உலகுக்கே திறந்து விடுதல். 403 மறைந்து விடும், அமைதி கிட்டும். 2020-இல் இந்தியாவில் இது என்ன விளைவித்தது என்பது வெளியாயிற்று. பீம் செயலியில் மக்களையும் வணிகர்களையும் சேர்ப்பதற்காக இயங்கிய ஓர் இணையதளத்தின் பேழை திறந்து கிடப்பதை ஆய்வாளர்கள் கண்டனர். ஆதார் அட்டைப் படிகள், சாதிச் சான்றிதழ்கள், முகப்படங்கள் என ஏறத்தாழ 72 இலட்சம் பதிவுகள், 409 கிகாபைட் அளவில் அதில் இருந்தன என்று அறிவித்தனர். செயலியை அப்போது நடத்திய இந்தியத் தேசியக் கொடுப்பனவுக் கழகம், தன் தரவு எதுவும் கசியவில்லை என்று மறுத்தது. பேழை அந்த ஆண்டு மே மாதத்தில் மூடப்பட்டது. கடவுச்சொல்லை மாற்றலாம், சாதிச் சான்றிதழை எவ்வாறு மாற்றுவது?

இத்தகைய நிகழ்ச்சிகள் முன்பே பெருகியதால், 2018 நவம்பரில் பொதுத்திறப்பை முற்றிலும் தடுக்கும் வசதியை அமேசான் அளித்தது. 2023 ஏப்ரல் முதல் புதிய பேழைகள் யாவும் அத்தடையுடனேயே தோன்றுகின்றன. படத்துக்குப் படம் தனி உரிமை எழுதும் பழைய முறையும் நின்றது. இடப்பட்டவை பேழைக்காரருக்கே உரியவையாயின. இங்கேதான் புதிய பிழை பிறந்தது. பழைய நிரல்கள் ஒவ்வொரு படத்துடனும் “யாவரும் காண்க” என்னும் குறிப்பை இணைத்து அனுப்பின. அக்குறிப்பைக் கண்டதும் கிடங்கு படத்தையே ஏற்க மறுக்கின்றது. பேழையைத் திறக்க வேண்டியதில்லை, குறிப்பை நீக்கினால் போதும். மற்றொரு பிழை, உரிமைச் சீட்டில் பேழையின் பெயரை மட்டும் எழுதி, உள்ளிருப்பவற்றைக் குறிக்கும் சாய்கோட்டையும் உடுக்குறியையும் விட்டுவிடுதல். பொறியின் கடிகாரம் பதினைந்து நிமிடத்துக்கு மேல் பிறழ்ந்திருந்தாலும் இதே 403 வரும். அப்பொழுது உரிமைச் சீட்டை எத்தனை முறை திருத்தியும் பயனில்லை.

அமேசானின் சிங்கப்பூர் வட்டாரம் 2010-இலும், மலேசிய வட்டாரம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கின. மலேசிய வட்டாரம் மாற்றத்துக்குப் பின் பிறந்ததாகலின், அங்குள்ள பேழை ஒவ்வொன்றும் மூடியே பிறந்தது. சிங்கப்பூரின் பழைய பேழைக்கென எழுதிய நிரலை அப்படியே இங்குக் கொண்டு வந்தவர்களுக்கு, முதல் படத்திலேயே மறுப்பு வந்திருக்கும்.